ஜன்னல் பக்கம் திரும்பிய தேவாங்கு

அனுவைப் பள்ளிக்கூடத்தில் தேவாங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி உடம்பு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள். வல்லம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியிலிருந்து செஞ்சிக்குப் படிக்க வந்த பெண்ணுக்கு அதைவிட மோசமான பெயர்களும் கிடைத்திருந்ததால் இதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர்ந்த பிறகு தனக்கு ஒரு முகமூடி தேவைப்பட்டபோது அந்தப் பெயரையே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் படம் வரைய வரும். யாரையாவது வாயால் வர்ணித்தால் போதும். மூக்கு இப்படி, தாடை இப்படி என்று சொல்லச் சொல்ல அந்த ஆள் காகிதத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். கல்லூரி முடித்த கையோடு இதை வீடியோவாக எடுத்து யூடியூபில் போட ஆரம்பித்தாள். முதலில் படத்தைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் அவள் நிறத்தைப் பற்றி. பிறகு ஒருவன் அவளுடைய ஊரைக் கண்டுபிடித்து, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டான். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் சரசரவென்று விழுந்தன. அன்றைக்கே எல்லா வீடியோவையும் அழித்துவிட்டாள்.

"மொகத்த காட்டாம பேசலாம்டி," என்றாள் ஜோயா. பள்ளிக்காலத்துச் சிநேகிதி. பஜாரில் அவள் அப்பா நூருல்லா வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பாதி நேரம் அவள்தான் இருப்பாள். "ஸ்கிரீன்ல ஒரு பொம்மை இருக்கும். நீ தலைய ஆட்டுனா அது ஆட்டும். நீ கண்ண சிமிட்டுனா அதுவும் சிமிட்டும். உன்ன யாரும் பாக்க முடியாது."

பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் அனுவிடம் இருந்தது. விண்டோஸைத் தாங்கும் தெம்பு அதற்குப் போய்விட்டிருந்தது. ஜோயா அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். பழைய மெஷினையும் வேலை வாங்கிவிடும், ஆனால் ஒவ்வொன்றையும் நாமே தேடிப் பிடித்துப் பொருத்த வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அனு பொருத்தினாள். முதலில் கிரிட்டா என்ற படம் வரையும் மென்பொருளில் தேவாங்கை வரைந்தாள். முழுப் படமாக இல்லை, துண்டு துண்டாக. இடது கண் ஓர் அடுக்கு, வலது கண் ஓர் அடுக்கு, இமை தனி, கருவிழி தனி, திறந்த வாய், மூடிய வாய். பிறகு அந்தத் துண்டுகளை இனோச்சி என்ற மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொன்றின்மேலும் வலை போட்டு, தலை இடப்பக்கம் சாய்ந்தால் காது எவ்வளவு இறங்க வேண்டும், மூக்கு எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வெயில் காலம் முழுக்க அதற்கே போனது. கடைசியாக, கேமராவில் தெரியும் முகத்தைப் படித்துப் பொம்மைக்குச் சொல்லும் இன்னொரு மென்பொருள். அதைக் கருப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் ஓட்ட வேண்டும். கேமராவைத் தொட அனுமதி இல்லை என்றது. அனுமதி கொடுத்தால் கேமராவே இல்லை என்றது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் தேடிப் படித்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். ஒரு மத்தியானம் தேவாங்கு அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது. அவள் சிரித்தாள். அதுவும் சிரித்தது.

அம்மா விருத்தாம்பாள் அன்று இரவு அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இப்படி முழிக்குது," என்று தள்ளி நின்றுகொண்டாள்.

பீரங்கிமேட்டுக்குப் போகும் வழியில், வீராசாமி என்பவரின் வீட்டுப் பின்கட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். நைனா பச்சைமுத்துவுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறாள், காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். செஞ்சியில் வீடு தேடி அலைந்தபோது எல்லோரும் எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதையும் சொன்னதும், காலியாக இருந்த வீட்டுக்கு நேற்றே ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். வீராசாமி மட்டும் எதையும் கேட்கவில்லை.

"எல்லாரும் மனுசங்கதானம்மா. பாப்பா, என்னப் பெரியப்பான்னே கூப்புடு," என்றார்.

பாத்திரக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்தவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, சத்தம் போடாத பேச்சு, வாயில் எப்போதும் வெற்றிலை. தெருவில் அவருக்கு நல்ல பேர். மனைவி பூவாயி அதிகம் பேச மாட்டாள். குழாயடியில் பார்த்தால் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அனுவின் அறைக்கு ஒரே ஜன்னல். அது வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த சந்தைப் பார்த்துத் திறந்தது. சந்தில் தண்ணீர் மோட்டாரைத் தவிர வேறொன்றும் கிடையாது. மேசை எதிர்ச் சுவரோரம் இருந்ததால் அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். பாறை மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊரில், மத்தியான வேளையில், அந்த ஜன்னலை மூடிவிட்டு உட்கார முடியாது.

தேவாங்கை வைத்து மத்தியானங்களில் யூடியூபில் நேரலை தொடங்கினாள். அது சூடு பிடித்தது. பார்க்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய ஒருவரை வர்ணிப்பார்கள். செத்துப்போன அண்ணனை, ஒன்றாம் வகுப்பு டீச்சரை, வெளிநாட்டில் இருக்கும் புருஷனை. அனு பேச்சுக் கொடுத்துக்கொண்டே, லேப்டாப்பில் செருகிய வரைபலகையில் மின்பேனாவால் வரைவாள். திரையின் மூலையில் தேவாங்கு உட்கார்ந்து தலையாட்டும். சிலர் அழுதுகொண்டே நன்றி எழுதினார்கள். அவள் யார், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் நிம்மதியாக இருந்த காலம் அதுதான்.

ஒருநாள் பேச்சுக்கு நடுவில் எழுந்துபோய்க் குடத்திலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வருவதற்குள் அரட்டையில் கேள்விகள் குவிந்திருந்தன.

'அக்கா, யாரப் பாக்குறீங்க?'

'தேவாங்கு ஏன் ஒரு மாதிரி திரும்பி இருக்கு?'

பார்த்தாள். தேவாங்கு கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்களை இடுக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டினாள். அது ஆடவில்லை. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள். அது சிமிட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, அது மெதுவாக இமைத்தது. பிறகு வெடுக்கென்று நேராகி, பழையபடி அவள் சொன்னதைக் கேட்டது.

"தேவாங்குக்குத் தூக்கம் வந்துட்டுது," என்று சொல்லிச் சமாளித்தாள்.

மறுபடியும் அப்படி நடந்தது. அவள் எழுந்து போகும்போதுதான் நடந்தது. சில நாள் ஒன்றும் இருக்காது, சில நாள் இருக்கும். அனு அதை மென்பொருள் கோளாறாகவே எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். அளவுகளை மாற்றினாள். எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டாள். தீராமல் போகவே கடைக்குப் போய் ஜோயாவிடம் சொன்னாள்.

"அது ஒரே ஒரு மொகத்தத்தான் புடிச்சுக்கும்," என்றாள் ஜோயா. "நீ எழுந்து போயிட்டா வேற எதையாவது மொகம்னு நெனச்சுக்கிட்டு அதைப் புடிச்சுக்கும். அது வெலகுற வரைக்கும் உன்கிட்ட வராது. பின்னாடி செவுத்துல காலண்டர் மாட்டி இருக்கியா? சாமி படம்?"

"லட்சுமி படம் இருக்குது."

"அதான். கழட்டிடு."

அனுவுக்கு அப்பாடா என்றிருந்தது. காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. காலண்டரில் இருக்கிற லட்சுமி கண் சிமிட்ட மாட்டாள்.

குரங்காக இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். கோட்டையில் தண்ணீர் வற்றினால் குரங்குகள் தெருவுக்குள் வந்துவிடும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவே இருந்தது. மறுநாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது அரட்டையில் ஒருவர் எழுதியிருந்தார்: 'தேவாங்கு என்ன சாப்பிடுது?'

திரையில் தேவாங்கின் வாய் அசைந்துகொண்டிருந்தது. பேசுகிற அசைவு இல்லை. தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அவசரமே இல்லாமல், எதையோ மென்றுகொண்டிருந்தது.

அனு திரும்பிப் பார்க்கவில்லை.  கரண்ட் போய்விட்டதாக எழுதிவிட்டு நேரலையை நிறுத்தினாள்.

அடுத்த மத்தியானம் அவள் நேரலை வைக்கவில்லை. அந்தப் பழைய மெஷினுக்குப் பாரம் கூடக் கூடாது என்று, கேமரா பார்க்கும் காட்சியை அதுவரை திரையில் காட்டாமலே ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது கட்டளையில் ஒன்றை மாற்றி அடித்தாள். திரையின் ஒரு பாதியில் தேவாங்கு, மறுபாதியில் கேமரா பார்க்கும் அறை. அவள் முகத்தின்மேல் புள்ளிகள் வந்து ஒட்டிக்கொண்டன. கண்ணைச் சுற்றி, மூக்கின்மேல், உதட்டின் ஓரத்தில். அப்படித்தான் அது முகத்தைப் படிக்கும். வழக்கம்போல் கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசினாள். பிறகு எழுந்து, ஜன்னல் இருக்கும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டாள். அங்கிருந்து லேப்டாப் திரை நன்றாகத் தெரிந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் தெரிய மாட்டாள்.

திரையில் காலி நாற்காலி. அதற்குப் பின்னால் ஜன்னல் கம்பிகள். தேவாங்கு தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

சந்தில் செருப்புச் சத்தம்கூட இல்லை. திரையில்தான் முதலில் தெரிந்தது. நரைத்த முடி. விபூதி பூசிய நெற்றி. கண்கள். ஒரு கை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது. புள்ளிகள் அந்த முகத்தைத் தேடிப்போய்க் கண்ணைச் சுற்றி, மூக்கின்மேல், உதட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. பக்கத்துப் பாதியில் தேவாங்கு தலையைத் தூக்கிக் காலி நாற்காலியை உற்றுப் பார்த்தது.

அனு மூச்சை அடக்கிக்கொண்டாள். கை நீட்டினால் அந்த விரல்களைத் தொட்டுவிடலாம்.

"பாப்பா," என்றார் வீராசாமி, எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில். தேவாங்கின் வாய் திறந்து மூடியது. "உள்ளதான இருக்கிற?"

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு முகம் விலகியது. சந்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது. அவள் நின்ற இடத்திலேயே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அம்மா வரும்வரை எழுந்திருக்கவில்லை.

விருத்தாம்பாள் முழுக்கக் கேட்டாள். அவளுக்குக் கோபம் வரும் என்று அனு எதிர்பார்த்தாள். அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அட்டை ஏதாவது வெச்சு மறச்சுடு," என்றாள்.

"அவ்ளோதானாம்மா?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? வூடு தேடி இந்த ஊரையே சுத்துனோமே, மறந்துட்டியா? அந்தாளு தெருவுல யாருகிட்டயாவது நம்மளப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொன்னா போதும். நைனாவுக்குத் தெரிஞ்சா அங்கேர்ந்து ஓடியாந்து வெட்டுக்குத்துன்னு நிக்கும். பேசாம மறச்சுடு."

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி ஜன்னலில் கட்டினாள் அனு. அறை அடுப்பாகக் கொதித்தது. இரண்டொரு நாள் கழித்து, அம்மா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, வீராசாமி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அந்த மரியாதை அவருக்குத் தெரியும்.

"ஜன்னல அடச்சு வெக்காதீங்கம்மா. செவுரு ஓதம் பூத்துடும்."

"சரிங்கையா," என்றாள் அம்மா.

"இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். பாப்பா மத்தியானத்துல தனியா பேசிக்கிட்டே இருக்குதே, யாருகிட்ட? வயசுப் பொண்ணு. அக்கம்பக்கம் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" அவர் அனுவைப் பார்த்துச் சிரித்தார். "பெரியப்பா கேக்கக் கூடாதா?"

அவர் போனதும் அம்மாவே போய் அட்டையைப் பிரித்தாள். கயிற்று முடிச்சு அவிழாமல் அவள் பல்லால் கடித்து இழுத்ததை அனு பார்த்தாள். அதுவரை அம்மாமேல் இருந்த கோபம் அப்போது அடங்கியது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

மறுநாள் மத்தியானம் கேமரா காட்சி தானாகப் பதிவாகும்படி வைத்துவிட்டு நேரலையைத் தொடங்கினாள். கேமரா காட்சியை அவள் மட்டும் பார்க்கும்படி ஒரு சின்னக் கட்டத்தில் திறந்து வைத்திருந்தாள். தேவாங்கு தலையாட்டியது. வழக்கமாக வருகிறவர்கள் வணக்கம் சொன்னார்கள். யாரை வரையப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"இன்னிக்கு நீங்க யாரும் சொல்ல வேணாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர நானே வரையறேன்."

நெற்றியில் ஆரம்பித்தாள். விபூதியின் மூன்று கோடுகள். சின்னக் கட்டத்தில் ஜன்னல் காலியாக இருந்தது. புருவம் போட்டாள், இரண்டு கண்களுக்கும் வெளிக்கோடு போட்டாள். பேசிக்கொண்டே போட்டாள், என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகம் இல்லை. மூக்கின் பக்கவாட்டு நிழலைப் போட்டுக்கொண்டிருந்தபோது கட்டத்தில் நரைத்த முடி எழுந்தது.

அவள் எழுந்து ஓடவில்லை. பேனா நழுவிவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தன் முதுகையும் தாண்டி லேப்டாப் திரை அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். உதட்டை வரைந்தாள். வெற்றிலை அடக்கிய கன்னத்தின் மேட்டை வரைந்தாள். கட்டத்துக்குள் இருந்த அந்த வாய் மெல்லுவதை நிறுத்தியது. காதோரத்து மயிரையும் தாடையின் மடிப்பையும் போட்டு முடித்து, கடைசியாகக் கண்ணுக்குள் விழியை வைத்தாள். இப்போது இரண்டு வீராசாமிகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவருக்குப் பேரு வெக்கல," என்றாள் அனு, திரும்பாமலே. "ஆனா இவரு இப்ப இத பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

கம்பியிலிருந்து கை விலகியது. ஜன்னல் காலியானது.

அரட்டையில் படத்தைப் புகழ்ந்து எழுதினார்கள். உயிரோட்டமாக இருக்கிறது, கண் பயமாக இருக்கிறது என்றார்கள். அவற்றுக்கு நடுவே, அதுவரை ஒரு வார்த்தையும் எழுதாத யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்.

'அந்த ஜன்னல்ல நாலாவது கம்பி வளைஞ்சு இருக்குமா?'

அனு அதை இரண்டு முறை படித்தாள். அவள் ஜன்னலை வரையவே இல்லை. திரும்பி எண்ணினாள். நாலாவது கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

எழுதியவள் பெயர் நிலா. இவர்களுக்கு முன்னால் அந்தப் பின்கட்டில் இருந்தவர்களின் மகள். இப்போது திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று சாயங்காலம் போனில் பேசினாள்.

"கம்பிய வளச்சது நான்தான்," என்றாள். "ஒருநாள் கையி உள்ள வந்துட்டுது. பக்கத்துல அம்மிக்கொழவி இருந்துது, அதாலயே அடிச்சேன். அந்தாளு கைய இழுத்துக்கிட்டாரு, அடி கம்பில பட்டுது. மறுநாளே அவங்க வூட்டு நகைய நான் திருடிட்டேன்னு அந்தாளு கத கட்டிட்டாரு. நைனா என்ன நம்பல. வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. உங்க பொம்மைய ரெண்டு மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன், அதே வூடுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

அனு அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள். அன்று ராத்திரி அவர்கள் பின்கட்டுக்கு மட்டும் கரண்ட் இல்லை. காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. வீராசாமி முன்வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும், மகன் குடும்பம் வரப்போகிறது, வீடு வேண்டும் என்றார். குரல் அப்போதும் உயரவில்லை.

அம்மா உள்ளே வந்தாள். கடைக்குப் போன் போட்டு இன்றைக்கு வரமாட்டேன் என்றாள். நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ண வரச் சொல்லு," என்றாள். "நாம ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுக்கலாம்."

நிலா மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜோயா, கேமரா பதிவை நகல் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே பெண் எஸ்.ஐ. பதிவை ஒரு முறை பார்த்தார், இரண்டாம் முறையும் பார்த்தார். ஆளை அழைத்துவர ஜீப் போனது.

வீராசாமி பூவாயியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தன் மனைவியைக் கேட்டுப்பாருங்கள், தான் மோட்டார் போடத்தான் அந்தச் சந்துக்குப் போவது வழக்கம் என்றார். எஸ்.ஐ. பூவாயியைப் பார்த்தார். பூவாயி ஓர் அடி முன்னால் வந்தாள். 

"மோட்டார் சுவிட்சு சமையக்கட்டுல இருக்குதுங்க," என்றாள் பூவாயி. "சந்துல இருந்தத எடுத்து அங்க வெச்சு ரொம்ப வருசம் ஆவுது. நான்தான் போடுவேன்."

புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் அவள் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் மகன் வந்து கூப்பிட்டபோதும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவலூர்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள்.

நூருல்லாவின் கடைக்கு மேல் மாடியில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. சாமான்களை அங்கே மாற்றினார்கள். பெங்களூரிலிருந்து ஓடிவந்த நைனாவை அம்மாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள், வழக்கு நடக்கிறது, நீ போய் அதைக் கெடுக்காதே என்றாள். கொஞ்ச நாளில் வீராசாமி ஜாமீனில் வந்துவிட்டார். தெருவில் சிலர் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள், சிலர் நிறுத்தவில்லை. வந்த இடத்தில் வாலாட்டுகிறார்கள் என்று இவர்களைப் பற்றித்தான் டீக்கடையில் பேச்சு என்று ஜோயா சொன்னாள்.

அனு நேரலையை விடவில்லை. நிலா சில நாள் கூடவே பேசினாள். அவளுக்கும் ஒரு பொம்மை வேண்டும் என்று கேட்டதால் அனு ஒரு கீரிப்பிள்ளையைத் துண்டு துண்டாக வரைந்துகொண்டிருக்கிறாள்.

போன வாரம் கோர்ட்டில் வாய்தா. தாழ்வாரத்தில் அம்மாவும் அனுவும் நிலாவும் நின்றிருந்தார்கள். வீராசாமி வக்கீலோடு வந்தார். வெள்ளை வேட்டி, விபூதி. இளைத்திருந்தார். கடந்து போகிறவர் போலப் போய், ஒரு கணம் நின்றார்.

"மாடி வூடாமே," என்றார் அம்மாவிடம், அக்கறையாக. "பாப்பா இருக்கிற ரூமு மேக்கால பாத்தது. சாயங்காலத்துல வெயில் நேரா அடிக்குமே."

அம்மாவின் கை அனுவின் மணிக்கட்டை இறுக்கியது. அந்த அறை தெருப்பக்கம் இல்லை. கீழே நின்று பார்த்தால் தெரியாது. அனு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள், அவர் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து வழக்கு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் ஒட்டி நடந்து உள்ளே போனார்கள்.